தொட்டியில் விளைந்த செங்காவி

ஆவணி 4, வியாழன். காலையில் சாரல், பிறகு நல்ல வெயில்.
தொட்டிச் சேற்றை வாரும்போது இருந்தவர்கள்: நான், அவர், நாத்தனார் தங்கம். வேறு யாருமில்லை.
போர்வெல் தண்ணீரில் இரும்பு. அதை வைத்துப் பிழைக்கும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. அது விட்டுப்போவதுதான் இந்த ஆரஞ்சுச் சேறு. இத்தனை வருஷம் தேய்த்துக் கழுவிக் கொட்டினேனே! இப்போது அதற்கென்றே தொட்டி, சொட்டுகிற குழாய், சேறு பிடிக்கத் தேங்காய் நார்.
காயவைத்துச் சட்டியில் வறுத்தேன். மஞ்சள் போய், கோயில் மதில் காவி மாதிரி சிவப்பு.
தங்கம்: "மைனி, இதைக் கொழம்புல போட்டிராதிய. அண்ணனுக்கு மொளவுப்பொடியா இதான்னு தெரியாது."
அவர்: "ஏட்டி, கருங்கல் ஊர்ல தரையோட்டுப் பட்டறைக்காரரு வாங்குகேன்னு சொல்லட்டும். பொறவு வாழைய வெட்டிட்டுப் பெரிய தொட்டி கெட்டலாம். அதுவரை ஆடாதே."

5, வெள்ளி.
பட்டறை அண்ணாச்சியிடம் மாதிரிப் பொடி கொடுத்தாயிற்று. நிறத்துக்காகத் தரையோட்டில் கலந்து, தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்ப்பாராம். "சாயம் விடப்பிடாது, கேட்டியளா. அடுத்த தடவையும் இதே நெறம் வரணும்."
சாயங்காலம் விளக்கேற்றி வீடெல்லாம் மஞ்சள்நீர் தெளித்தேன். நல்லது நடக்கட்டுமென்று தொட்டியிலும் ஒரு செம்பு.

9, செவ்வாய். மப்பு.
தொட்டியில் புதுச் சேறே இல்லை. மஞ்சள் கிருமியைக் கொல்லும்! புண்ணுக்கு அரைத்துப் போடுகிறவளுக்கு இது தெரியாதா? பிள்ளையாரே.
தங்கம் விழுந்து விழுந்து சிரிப்பு. "கும்பிட்டே கொன்னுட்டியளே மைனி!"
கழுவினேன். போர்ப் பக்கத்து ஓடையில் மிச்சமிருந்த சேற்றை விதையாகப் போட்டாயிற்று. இனி தொட்டிக்குக் கும்பிடு மட்டும்.
வாங்க: நார், சட்டி (பழசு விரிசல்), சூடம்.

20, சனி. சுள்ளென்று வெயில்.
வந்துவிட்டது! நார் முழுக்க ஆரஞ்சு. வறுத்து, பழைய பொடியையும் புதுசையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்தேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே ஏட்டி?" முருகா!
மதியம் அண்ணாச்சி போன். ஓடு ஊறின தண்ணீர் தெளிவாகவே நின்றதாம். சாயம் விடவில்லை! புதுப் பொடியையும் பார்த்துவிட்டுச் சொல்கிறாராம். அடுத்த பஸ்ஸிலேயே அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

22, திங்கள்.
அவர் வாழைகளுக்கு நடுவே கயிறு பிடித்து அளக்கிறார். என்னவென்று கேட்டால், "சும்மா."
அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் போட்டேன்: "அண்ணாச்சி, பொடியைப் பார்த்தீர்களா? எடுப்பீர்களா இல்லையா என்று சீக்கிரம் சொல்லுங்கள்."