எதிரிலா, எதிராகவா

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு இடது காதும் கேட்காமல் போய்விட்டது, அதனால் இந்த வீட்டில் நிம்மதியாக இருப்பவர் அவர் ஒருவர்தான். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை போய்விட்டது, திரும்பி வந்துவிடுகிறோம், தம்பியிடம் சொல்லி அவன் ஓட்டலில் ஏதாவது ஒரு வேலை வாங்கிக் கொடு என்று போனில் அழுதாய். அவனிடம் சொன்னேன். அவன் என்ன சொன்னான் என்று எழுதுவதற்கு முன்னால் வேறு சிலது எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதற்காகத்தான் காகிதத்தை எடுத்தேன்.

தம்பிக்கு அந்த ரிசப்ஷன் வேலை எப்படிக் கிடைத்தது என்று எனக்கு வெகுநாள் தெரியாது. இன்டர்வியூவில் உன்னைப் பற்றி ஒரே வரியில் சொல் என்று மேனேஜர் கேட்டாராம், இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐ ஆம் அன் ஆப்பர்ச்சூனிஸ்ட் சார் என்றானாம், கேட்டவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்களாம். சிரிக்க வைத்து வேலை வாங்கிய சாமர்த்தியக்காரன் என்று நான் பெருமைப்பட்டேன். ஓட்டல் ஜன்னல் திரைகளுக்கு ஓரம் அடிக்கும் வேலை எனக்கு வந்தபோது, தைத்ததைக் கொடுக்க லாபிக்குப் போனேன். மேனேஜர் அப்போது யாரோ பெரிய மனிதர்களுடன் நின்றிருந்தார். தம்பியைக் கூப்பிட்டு, நீ யாருன்னு சாருக்குச் சொல்லுப்பா என்றார். இவன் டையைச் சரிசெய்துகொண்டு அதே வரியைச் சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். லிஃப்ட் பக்கத்தில் பெட்டி தூக்குகிறவன்கூடச் சிரித்தான். நானும் திரைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து அதை எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி விளக்கினார். ஆப்பர்ச்சூனிட்டி என்றால் வாய்ப்பு, அதில் தப்பில்லை, ஆனால் ஆப்பர்ச்சூனிஸ்ட் என்றால் வாய்ப்புத் தேடுகிறவன் இல்லை, சந்தர்ப்பவாதி, சமயம் கிடைத்தால் கூட இருப்பவன் தோளிலேயே ஏறி மிதிக்கிறவன் என்றார். இவ்வளவு நல்ல வார்த்தை எப்படி இப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்டேன், வால் மாறினா குணம் மாறிடும் என்றார். அதோடு விடாமல் ஆப்போஸ் என்றால் எதிர்ப்பது, ஆப்பனென்ட் என்றால் போட்டியில் எதிராக நிற்பவன், ஆப்போசிட் என்றால் எதிரில் இருப்பது, நான் உங்களுக்கு ஆப்போசிட் வீடு, ஆப்பனென்ட் இல்ல, பயப்படாதீங்க என்றார். எல்லாம் ஆப் ஆப் என்றே ஆரம்பிக்கிறதே, ஒரே குடும்பமா என்றேன். தலையெழுத்து ஒண்ணு, பொழப்பு வேற என்றார். எனக்கு உங்கள் இருவர் நினைப்புத்தான் வந்தது.

அன்றைக்கு அவன் வந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்குவமாக எடுத்துச் சொல்லப் போனேன். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. தெரியும்மா, அவங்க சிரிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு, சிரிக்கட்டும், சம்பளம் வருதில்ல என்றான். இதை உனக்கு யாருடா சொல்லிக் கொடுத்தது என்றேன். அக்காதான், வாய்ப்பைத் தேடுறவன்னு ஒரே வார்த்தையில எப்படிச் சொல்றதுன்னு போன்ல கேட்டேன், சொல்லிக் குடுத்தா, பின்னாடி மச்சான் சிரிச்ச சத்தமும் கேட்டுச்சு என்றான். தெரியாமல் சொன்னாயா தெரிந்து சொன்னாயா என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. உன்னை வளர்த்தவள் நான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். மேனேஜரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மத்தியானம் மத்தியானம் பின்வாசல் வழியாகப் போய் அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவார், அதுவரை கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தம்பியிடம்தான் கெஞ்சுவார். இவனும் பார்த்துக்கொண்டான். முதலாளி வந்து இறங்கிய ஒரு மத்தியானம் மேனேஜர் எங்கே என்று கேட்டார். இவன் உண்மையைத்தான் சொன்னான், உண்மையில் பாதியை. மேனேஜர் தினமும் இந்த நேரத்துக்கு வெளியே போயிடுவார் சார் என்று மட்டும். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை இவன் வாயில் வரவில்லை. மறுவாரம் மேனேஜர் நாற்காலியில் இவன் உட்கார்ந்திருந்தான்.

அந்த மனிதர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம், சட்டைப் பையில் மருந்துச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. பழையபடி ஏதாவது வேலை, பெட்டி தூக்குற வேலையானாலும் பரவாயில்ல தம்பி என்றார். தம்பி தட்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான், சார், இப்ப நீங்க எனக்கு எதிர்ல நிக்கறீங்களா, எதிரா நிக்கறீங்களா? அவருக்கு முகம் செத்துவிட்டது. எதிர்லதாம்பா நிக்கறேன் என்றார். அப்படின்னா இங்கிலீஷ்ல என்ன சொல்லணும் என்றான். ஆப்போசிட் என்றார். சரியாச் சொன்னீங்க, போகலாம் என்றான். நான் அவருக்குக் கொடுக்கத் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தேன். அம்மா, கதவு என்றான். சாத்தினேன். நான் கதவைச் சாத்துவதைப் பார்த்து அப்பா உள்ளேயிருந்து யாரு வந்தது என்று கேட்டார், யாருமில்லை என்று கையை அசைத்தேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னதும் அவன் கோபிப்பான் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. மச்சானுக்கு இல்லாத வேலையா, உடனே வரச் சொல்லும்மா என்றான். ஆனா இன்டர்வியூ உண்டு, நான்தான் எடுப்பேன், லாபியிலதான், இங்கிலீஷ்லதான், எல்லா ஸ்டாஃபும் இருப்பாங்க என்றான். நீயும் முன் சோபாவில் வந்து உட்காரணும் என்று எனக்குப் புதுச் செருப்புகூட வாங்கி வந்துவிட்டான். வேண்டாம்டா, அந்தக் குழந்தையின் அப்பாடா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நான் வரமாட்டேன் என்றும் சொன்னேன். சரி, அப்ப அந்த சோபாவுல அக்காவ உக்கார வைக்கிறேன் என்றான்.

அதனால் நானே உட்காருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வேறு போக்கிடம் இருந்தால் மாப்பிள்ளையை அனுப்பாதே. இல்லையென்றால் அன்றைக்கு அவர் மட்டும் போகட்டும், நீ குழந்தையோடு வீட்டிலேயே இரு, ஓட்டல் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், தம்பியும்தான். மறந்துவிடாதே, அங்கே குளிர் என்றாயே, வரும்வரை குழந்தை காதை மூடியே வை.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்றவள்