மெஷின் கன்னுக்குச் சந்தனம்

விஜயதசமி, 1967. இரவு.

எனக்கு அரசு வேலை உறுதியாக வேண்டுமானால் போலீஸ் விசாரணை முடிய வேண்டும். அதற்காக ஏட்டையா இன்று காலையில் வீட்டுக்கு வந்தார். பி.ஏ. சான்றிதழோடு கதவருகே நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேற்று ஆயுதபூஜைக்கு அப்பா சந்தனம் பூசி மாலை போட்டிருந்த மெஷின் கன்னைத்தான் பார்த்தார்.

"இது சுடுமாண்ணே?"

பட்டாளத்திலிருந்து திரும்பிய நாள் முதல் பழைய துப்பாக்கிகளாகச் சேர்க்கும் அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? இது வலையபட்டியில் ஒரு வீட்டு ஏலத்தில் எடுத்தது. "இங்குட்டு வாங்க, காட்டுறேன்" என்று வற்றிய கண்மாய்க்குத் தூக்கிப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

தோட்டாவை ஏற்றினார். சுடவில்லை. தட்டினார், குலுக்கினார், முருகனைக் கூப்பிட்டார்.

"பொம்மையவா பூட்டி வச்சிருக்கீக?" ஏட்டையா சிரித்தார்.

பொம்மை என்று நினைத்தே போயிருப்பார். வேற்று மனிதர் முன் வாயே திறக்காத நான் இன்றுதானா திறக்க வேண்டும்?

"அப்பா, உள்ள சந்தனம் காஞ்சு கெடக்கு."

முந்தானையால் துடைத்ததும் நானேதான். அடுத்த நொடி, மறுகரைப் பனைகளிலிருந்த கிளிகளெல்லாம் அலறிப் பறந்தன.

ஏட்டையாவின் சிரிப்பு நின்றது. "லைசென்ஸ் இருக்காண்ணே?"

"பழைய இரும்புக்கு எதுக்கு லைசென்ஸு?"

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஐயாவக் கூட்டியாரேன்."

என்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் போய்விட்டார். நாளை இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் கேட்டால் என்ன சொல்வது? என் வேலை...

இன்ஸ்பெக்டரும் சுட்டுப் பார்க்கத்தான் வருகிறார் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கூடத்தில் இப்போது புதிதாகச் சந்தனம் அரைத்துக்கொண்டிருக்கிறார்.