உள்ள வராதேன்னு சொல்லிட்டேன்

என் அன்பு மாப்ள செல்வராசு,

நீ இருமி இருமியே கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. நேற்று நம் வீட்டு வாசலில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

என் மகள் தேன்மொழிக்கு ஏழு மாசம். பெரம்பலூரில் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கு நேற்று அரியலூர் வருவதாக இருந்தாள். அதற்குள் ஹாலுக்கு ஜிப்சம் போர்டில் சீலிங் போட்டுவிட எனக்கு ஆசை. ஊர் வீட்டுச் சுவருக்கெல்லாம் பட்டி மாவு பூசித் தேய்த்தவன் சொந்த வீட்டை விடுவேனா? சாயங்காலம்தான் வருவார்கள் என்று நினைத்து, காய்ந்த பட்டியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூக்கில் வெறும் துண்டு. தூசி வெளியே போகட்டும் என்று ஃபேனை வேறு முழு வேகத்தில் வைத்திருந்தேன்.

மத்தியானமே வந்துவிட்டார்கள். தேன்மொழி படியில் ஒரு காலை வைத்து, "அப்பா!" என்றாள். அடுத்த மூச்சில் இருமினாள். உன் இருமல் மாதிரியே கேட்டது, மாப்ள.

"உள்ள வராத! அங்கயே நில்லு!" என்று கத்திவிட்டேன்.

"ஆரத்தி எடுக்க வேண்டிய வாசல்ல புள்ளத்தாச்சிய வராதேங்கிறீங்களே, புத்தி கெட்டுப்போச்சா?" அவளை அழைத்துவரப் போன என் வீட்டுக்காரி கமலா அழுதுவிட்டாள். மகள் முகம் சுண்டிப்போனது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

உன்னிடம் ஒரு நாளாவது இப்படிக் கத்தினேனா? என்னோடு நீ பட்டி தேய்த்த நாளெல்லாம், வேலை முடிந்ததும் வெல்லக்கட்டியை உடைத்து உன் கையில் வைத்து, "தின்னுடா, தூசியெல்லாம் கீழ எறங்கிடும்" என்பேன். வெல்லம் வயிற்றுக்குப் போகும், தூசி நெஞ்சிலேயே தங்கும் என்று உன் எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் நேற்று அதே துண்டைக் கட்டினேனே, என்னை என்ன செய்யலாம்?

எதிர்வீட்டிலிருந்து உன் மனைவி மல்லிகா வந்தாள். பட்டித் தூசியில் நரைத்ததுபோல் இருந்த என் தலையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணன் சொல்றது சரிதான். எங்க வூட்டுக்கு வா கண்ணு" என்று மகளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். இப்போது தேன்மொழி உன் வீட்டில் தூங்குகிறாள்.

இன்று ஹால் கதவை அடைத்து, ஃபேனை நிறுத்தி, மாஸ்க்கை மூக்கோடு இறுக்கிப் போட்டு, ஈர ஸ்பாஞ்சால் தேய்த்தேன். விளக்குமாற்றைத் தொடவில்லை, ஈரத்துணிதான். துடைத்த இடத்தில் விரலை வைத்தால் வெள்ளை ஒட்டாத அன்றைக்குத்தான் அவளை "வாம்மா" என்று கூப்பிடுவேன். இனி என்னோடு தேய்க்க வருகிறவன் துண்டைக் கட்டினால், அவன் கோபித்தாலும் வாசலிலேயே நிறுத்துவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கையில் வெல்லத்தை வைத்த மச்சான்,
கோவிந்தன்