அவள் எழுதாத செய்தி

ஜூலை 6

என் டிரைவர் அவர்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் மகளும் நலமா என்பதைக் கண்டக்டர் தம்பி வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனில் நான் மூச்சுவிடாமல் பேசுகிறேன், நீங்கள் "ம்" என்கிறீர்கள். எவ்வளவு நாள்தான் அந்த "ம்"முக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது? இனி கடிதம்தான். உங்கள் டிப்போ பஸ் தினமும் எங்கள் பல்கலைக்கழக வாசலுக்கு வருகிறது. தம்பி கையில் கொடுத்தனுப்புங்கள்.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். பேராசிரியை என்று நினைத்துவிட்டார்களாம். நானும் சும்மா இருக்காமல், "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லித் தொலைத்தேன். பிறகு கடைசி பெஞ்சில் போய் நான் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. இப்போது "அக்கா" என்கிறார்கள். "ஆன்ட்டி" என்று கூப்பிட்டவனை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

காலையில் இதழியல், மதியம் ஆங்கிலம். யார், எங்கே, ஏன் என்று காலையில் கேட்டுத் துளைக்கிறார்கள். மதியம் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். முதல் வாரம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் நேற்று பாருங்கள், நூலக லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதைப் பற்றி நான் எழுதிய செய்தி பல்கலைக்கழக வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில், என் பெயரோடு! கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளி ஆபீசில் இத்தனை வருடம் அடுத்தவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் நான். இது நானே பார்த்து, நானே கேட்டு, நானே எழுதியது. பெருமையாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்
கடைசி பெஞ்ச் மாணவி


ஜூலை 14

எடிட்டரம்மாவுக்கு,

போனில் "ம்" சொல்கிறவன் கடிதத்தில் என்ன எழுதிக் கிழித்துவிடப் போகிறான் என்றுதானே நினைத்தாய்? இதோ பார், தாள் நிறைய எழுதுகிறேன்.

மகள் நன்றாகப் படிக்கிறாள். சமையல் என் கையில். அவள் குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள், அதுதான் பயமாக இருக்கிறது.

உன் லிஃப்ட் செய்தி டிப்போ முழுக்கச் சுற்றிவிட்டது. கண்டக்டர் ஆங்கிலத்தில் படித்து அர்த்தம் சொன்னான். செய்தி வந்த மறுநாளே லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டதாமே! அதையும் அவன்தான் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு இங்கே தனி மரியாதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஓய்வறையிலிருந்த கட்டில்களை மானேஜர் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே டயர்களை அடுக்கிவிட்டார். ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவே பஸ்ஸின் கடைசி சீட்டில் காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறோம். போன செவ்வாய் நம்ம டிரைவர் மீசைக்கு ஓட்டும்போதே கண் அசந்துவிட்டது. பஸ் உங்கள் பல்கலைக்கழக மதில் சுவரிலேயே இடித்து நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று நோட்டீஸ் போட்டு மீசையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவன் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். டயருக்குக் கூரை, டிரைவருக்கு வெயில். இதுதான் இங்கே நியாயம்.

நீ எழுது. அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். "என் வீட்டுக்காரி எழுதினா எல்லாம் சரியாயிடும்"னு மீசையின் தோளைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். செய்தி வந்ததும் உன் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகிறேன். பேனாகூட வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு
தலை நிமிர்ந்து நடக்கும் உன் டிரைவர்


ஜூலை 19

என் டிரைவர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்ததும் கண் கலங்கிவிட்டது. மீசை அண்ணனை நினைத்துத்தான். அன்று மாலையே செய்திக் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல் பக்கம், அக்காதான் எழுதணும்" என்று பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீங்கள் அந்த டிப்போவில் வேலை செய்வது அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் தட்டல் அடங்கியதும், "அது என் வீட்டுக்காரர் வேலை பாக்குற டிப்போ. நான் எழுதக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். இங்கே முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: தன் வீட்டு விவகாரத்தைத் தானே செய்தியாக எழுதக் கூடாது. நான் எழுதினால் அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் டிரைவர் பொண்டாட்டியின் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார்கள். மீசை அண்ணனுக்கு அதனால் என்ன லாபம்? எங்கள் வகுப்பில் குட்டைமுடி என்று ஒருத்தி இருக்கிறாள். கேள்வி கேட்க ஆரம்பித்தால் விடமாட்டாள். அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். நாளைக்கு அவள் டிப்போவுக்கு வருவாள், மானேஜரையும் பார்ப்பாள். நான் அதில் ஒரு கமாகூடத் தொடப்போவதில்லை.

முதல் பக்கத்தில் என் பெயர் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? கொடுத்துவிட்டு அறைக்கு வந்து அழுதேன். ஆனாலும் செய்தது சரி.

இன்னொன்று. இந்த விடுதியில் மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் குறட்டைச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வருவதில்லை. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், மானம் போய்விடும்.

உங்கள்
மாணவி


ஜூலை 30

என் டிரைவர் அவர்களுக்கு,

நேற்றும் தம்பி வெறுங்கையோடு வந்தார். "அண்ணன் முகம் சரியில்லக்கா" என்று மட்டும் சொன்னார். போன் செய்தால் அந்த "ம்"கூட இல்லை, மகள்தான் எடுக்கிறாள்.

செய்தி வந்துவிட்டது. முதல் பக்கம், டயர் அடுக்கிய அறையின் படத்தோடு. குட்டைமுடி பிரமாதமாக எழுதியிருக்கிறாள். மானேஜர் சொன்ன பதிலும் அதில் இருக்கிறது. அதுவும் இருக்கத்தான் வேண்டும். இதழ் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதில் என் பெயரைத் தேடாதீர்கள்.

உங்கள் தலையைக் குனிய வைத்துவிட்டேன் என்று தெரியும். அது எனக்கு வலிக்கிறது. ஆனால் மறுபடி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்வேன்.

மாத்திரை போட்டீர்களா?

நான்


ஆகஸ்ட் 8

என் எடிட்டரம்மாவுக்கு,

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தைப் பாதி படித்ததுமே கசக்கி, யூனிஃபார்ம் பாக்கெட்டில் திணித்துவிட்டேன். டிப்போவில் கேலி தாங்கவில்லை. "என்னப்பா, உன் வீட்டுக்காரி கைவிட்டுட்டாளா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். மீசை மட்டும் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முந்தாநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார்கள். செய்தியைப் படித்த பல்கலைக்கழகம், மாணவர்கள் ஏறுகிற பஸ்ஸாயிற்றே என்று விளக்கம் கேட்டு எழுதியதாம். எங்கள் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தார்கள். மானேஜர் எழுந்து பத்திரிகையை ஆட்டினார். "மேடம், இது நியூஸே இல்ல. இங்க ஒரு டிரைவரோட வொய்ஃப் அங்கதான் படிக்குது. வீட்டுல உக்காந்து ஜோடிச்சது" என்றார். அந்த அம்மாவும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்கள். நீ சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டாரே அந்த மனுஷன்!

எழுந்தேன். "அது என் வீட்டுக்காரிதான் மேடம். ஆனா இதுல அவ ஒரு வரிகூட எழுதல. எழுதக் கூடாதுன்னு அவளே விலகிக்கிட்டா" என்றேன்.

"அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் மானேஜர்.

பாக்கெட்டில் கையை விட்டேன். கசங்கின கடிதம். பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். மீதியை நானே அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறேன். ஒரு கமாகூடத் தொடமாட்டேன் என்று நீ எழுதியது, அறைக்கு வந்து அழுதது எல்லாம் வந்தது. அந்த வேகத்தில் நிறுத்தத் தெரியாமல் குறட்டையையும் சேர்த்துப் படித்துவிட்டேன்.

டிப்போவே சிரித்தது. அந்த அம்மாவும்தான். சிரித்து முடித்துவிட்டு அங்கிருந்தே உங்கள் பேராசிரியைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். "ஆமாம்" என்று அவர் சொன்னதும், மடித்து வைத்த பத்திரிகையை மறுபடி விரித்தார்கள். "சரி, அந்த டயர் ரூமைக் காட்டுங்க" என்றார்கள்.

இன்று காலை டயரெல்லாம் வெளியே, கட்டிலெல்லாம் உள்ளே. மீசை நாளையிலிருந்து வண்டி எடுக்கிறான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரி எழுதியிருந்தா நான் போயிருப்பேன்டா" என்றான்.

எழுதத் தெரிந்தவள் என்றுதான் இத்தனை நாள் உன்னைப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். எப்போது எழுதக் கூடாது என்பதும் தெரிந்தவள் என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறேன். பேசாமல் இருந்ததற்கு என்னைத் திட்டு, ஆனால் கடிதத்தில் திட்டு. போனில் திட்டினால் எனக்கு "ம்" தவிர ஒன்றும் வராது.

அந்த முதல் பக்கத்தை ஓய்வறை நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டினேன். வாங்கின பேனாவை வீணாக்கலாமா? கீழே சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடும் போட்டிருக்கிறேன்: "இதை எழுதியது என் மனைவி அல்ல."

இப்படிக்கு
ஊரறிந்த குறட்டைக்காரன்