முப்பது வருட இரைச்சல்

1996 ஒக்டோபர், வெள்ளி.

நானும் விமலும் முப்பது வருடமாக மின்கருவிகளில் உருவாக்கிய இசையை ஒரே கசெற்றில் தொகுத்து முடித்தோம். அதைப் பிரதியெடுக்கக் கண்டிக்குக் கொண்டுபோகையில், பேராதனைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் வாங்கிப் போட்டுக் கேட்டான். கீச்சொலியும் இரைச்சலும் வந்தன. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "புலிகளுக்கு அனுப்பும் செய்தியா?" என்றான்.

விமல் தன் தாய்மொழியான சிங்களத்தில், "என் வீட்டிலேயே இதை இசை என்று நம்புவதில்லை, தம்பி. எல்லாம் நான் செய்தது. இவர் சும்மா கூட வந்தவர்" என்றான்.

அவனை உள்ளே கூட்டிப் போனார்கள். என்னைப் போகச் சொன்னார்கள், வந்துவிட்டேன்.

"உங்களை விட்டிட்டாங்கள், அது காணும். பேசாமல் படுங்கோ" என்கிறாள் மனைவி.

விமல் இன்னும் வீடு திரும்பவில்லை. விடிந்ததும் போய், பாதி என்னுடையது என்று சொல்ல வேண்டும். எந்தப் பாதி என்று கேட்டால் எனக்கே தெரியாது.