தண்ணீருக்கு முன்னால் வருவது எது?

என் ஆசை அக்காவுக்கு,

உன்னைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவள் சின்ன வயதில் உன் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள், இப்போது ஒரு சிறு பத்திரிகை நடத்துகிறாள். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவள், ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ஊசி போட்டவள் என்றெல்லாம் வரிசையாகக் குறிப்பு எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, அக்கா. உன்னிடம் கெஞ்சத்தான் வருகிறது. அதையே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அவர்கள் போடாமல் விட்டுவிடட்டும்.

முகிலன் போய்விட்டான்.

நீ தூக்கி வளர்த்த என் மகள் மலருக்கு இருந்த ஒரே பிள்ளை. கார்த்திகை மழையில் காய்ச்சல் என்று படுத்தவன், தஞ்சாவூருக்குக் கொண்டுபோயும் எழுந்திருக்கவில்லை. ஏழு வயது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. உனக்குத் தெரிந்தும் இருக்கலாம். அங்கே உன் பக்கத்தில்தான் இருக்கிறானா? செருப்பை இடது வலது மாற்றித்தான் போடுவான். பார்த்துக்கொள்.

மலர் இப்போது என்னோடு இருக்கிறாள். மாப்பிள்ளை லீவு முடிந்து துபாய்க்குத் திரும்பிவிட்டார். போகாவிட்டால் வேலை போய்விடும். தினமும் சாயங்காலம் போன் வரும். "மலர் சாப்பிட்டாளா மாமா?" என்பார். "சாப்பிட்டா மாப்ள" என்பேன். அதன் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

அவள் சாப்பிடுவதில்லை, அக்கா. நான் எதிரில் நின்றால் இரண்டு வாய். கூடத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். டாக்டர் எழுதித் தந்த மாத்திரையையும் நின்றுதான் கொடுக்கிறேன். வயலுக்கென்று வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தையெல்லாம் எடுத்துப்போய்ப் பங்காளி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் உன் புத்தகங்கள்தான். "மருந்துக்கு வயசு பாக்கறமா இல்லியா? கொழந்தைக்கு அரை மாத்திரை, பெரியவனுக்கு முழு மாத்திரை. துக்கத்துக்கு மட்டும் என்னடா எல்லாருக்கும் ஒரே கரண்டி?" என்று கேட்டுவிட்டு, வயதுக்கு ஒன்றாக எழுத ஆரம்பித்தாய். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து அழும் பிள்ளைகளுக்கு ஒன்று. மீசை அரும்புகிற வயதுக்கு ஒன்று, குடும்பஸ்தர்களுக்கு ஒன்று. அவற்றுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, சிவப்பு மையால் வயது எழுதி, நான் நூலகராக இருந்த கிளை நூலகத்தில் அடுக்கியது நான். யார் வீட்டில் சாவு, யாருக்குப் பரீட்சையில் தோல்வி என்று கேட்டுக்கொண்டு, வயதைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். அந்த வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

ஐந்தாவது புத்தகம் கிழடுகட்டைகளுக்கு, அதாவது எனக்கு என்பாய். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது அதைக் கேட்டேன். "கெழவனுக்கு என்னத்தடா எழுதறது? வெறுந்தாளத் தச்சுக் குடுத்தாப் போதும், தலகாணிக்கு அடில வச்சுத் தூங்கிடுவான்" என்று சிரித்தாய். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. நீ எழுதாமல் போய்விடுவாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மலருக்கு நாலாவது புத்தகத்தைத்தான் எடுத்தேன். அவள் வயது அதில்தானே வருகிறது? தினம் காலையில் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தேன். நனைந்த மண்ணில்தான் நாற்று இறங்கும், அதனால் அழுகையைத் தடுக்காதே என்று நீ எழுதிய இடம் வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"போதும்ப்பா" என்றாள்.

"புடிக்கலையாம்மா?"

"அத்தை எழுதுனது எல்லாம் சரிதாம்ப்பா. அதான் எரியுது."

போர்வையை இழுத்துக்கொண்டு, "அத்தைக்குப் புள்ள இல்ல. அதான் இவ்ளோ அழகா எழுதியிருக்கு" என்றாள்.

இதை உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று நிறைய யோசித்தேன். நீ கோபப்படமாட்டாய். "சரியாத்தான்டா சொல்லுது" என்பாய். அதற்குமேல் நீ என்ன செய்வாய் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

முறைப்படி ஒவ்வொன்றாக இறங்கி வந்தேன். மூன்றாவதைத் தொடங்கியபோது காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவதற்கு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். முதல் புத்தகத்தை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ உன் கையால் முகிலனுக்குக் கொடுத்த பிரதி அது. அவனுடைய பள்ளிக்கூடப் பையிலேயே இருந்தது. அந்தப் பையை யாரும் திறக்கவில்லை.

அந்த நாட்களில் நாலையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கண்ணில் படாத ஒன்று அப்போது பட்டது. முதல் புத்தகம் முழுக்கக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே குழந்தை எழுதுவதற்கு ஒரு வெற்றுக்கோடு. இரண்டாவதில் கேள்வியும் உண்டு, பதிலும் உண்டு. மூன்றாவதில் கேள்வி குறைகிறது. நாலாவதில் ஒரு கேள்விகூட இல்லை, எல்லாம் பதில்தான். ஏன் அக்கா அப்படிச் செய்தாய்? வயது ஏற ஏற எங்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது என்று நினைத்தாயா?

போன வாரம் ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், பை திறந்து கிடக்கிறது. மலர் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் முதல் புத்தகம். பிடுங்குவதா, சும்மா இருப்பதா என்று தெரியாமல் காய்கறிப் பையோடு அப்படியே நின்றேன்.

கோடுகளையெல்லாம் நிரப்பி வைத்திருக்கிறான், அக்கா, கலர் பென்சிலால், கோணல்மாணலாக. 'எறும்பு எங்கே தூங்கும்?' என்று நீ கேட்டதற்கு, 'அம்மா சக்கர டப்பால.' 'நிழலுக்குப் பசிக்குமா?' என்றதற்கு, 'ஆமா மத்தியானம் எளச்சு போவுது.' 'தவளை யாரைக் கூப்பிடுகிறது?' என்ற பக்கத்தில் ஒரே சொல்: 'அப்பாவ.'

ஒரு கோடு மட்டும் வெறுமையாக இருந்தது. 'வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது, தண்ணீருக்கு முன்னால் வருவது எது? போய்ப் பார்த்து எழுது.'

போன வருடம் தண்ணீர் வந்த காலையில் போகவேண்டும் என்று அவன் அடம்பிடித்ததும், பள்ளிக்கூட வேன் வந்து நின்றதும், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்று மலர் அவனை ஏற்றிவிட்டதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

"முன்னாடி என்னப்பா வரும்?" என்று கேட்டாள்.

கார்த்திகைக்குப் பிறகு அவளாக வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வாய்க்கால் கரையிலேயே பிறந்து கிழவனாகியிருக்கிறேன். தண்ணீர் வந்துவிட்டது என்று ஊர் சொன்ன பிறகு போய்ப் பார்ப்பேனே தவிர, ஒரு வருடம்கூட முன்னால் போய் நின்றதில்லை.

"தெரியலையேம்மா."

"அத்தை உங்ககிட்ட சொல்லலியா?"

"சொல்லல."

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். ஒரு பதிலை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மேட்டூரில் திறந்துவிட்டிருந்தார்கள். நம் பக்கத்து மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கருக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு விடியக்காத்தால உங்க ஊருக்கு வந்துரும் சார். நாத்து விடப்போறீங்களா?"

"இல்ல தம்பி, சும்மா பாக்கணும்."

"பாக்கணுமா!" என்று சிரித்தார். "அது தண்ணி மாதிரிதான் சார் இருக்கும்."

ராஜாத்தி அண்ணியை உனக்கு நன்றாகத் தெரியும், நம் பெரியப்பா மகன் மனைவி. எங்களுக்குப் பதினாறு நாளும் சமைத்துக் கொண்டுவந்தது அவர்தான். செய்தி எப்படியோ காதுக்குப் போய், சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். "தம்பி, வருஷம் திரும்பல. துக்க வீட்டுக்காரங்க புதுத்தண்ணிக்கு எதுர்ல போயி நிக்கலாமா? ஊரு வெளையணும்ல? எல்லாரும் பூப்போட்டுக் கும்பிட்டதுக்கப்பறம் போங்க, யாரு வேணாங்கறா?"

"சரி அண்ணி" என்றேன். வேறு என்ன சொல்லி நீ என்னைப் பார்த்திருக்கிறாய்?

உள்ளே போய், "அப்பறமாப் போவோம்மா" என்றேன். மலர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை திரும்பியவள் மறுபடி இந்தப் பக்கம் திரும்பமாட்டாள் என்று தோன்றியது. அண்ணியிடம் எனக்குப் பயம். ஊரிடமும் பயம். இந்த முதுகைப் பார்த்த பயம் அதையெல்லாம்விடப் பெரிதாக இருந்தது. அதனால்தான் போனேன். துணிச்சல் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

விடிகிற நேரத்தில் கொல்லை வழியாக மலரைக் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தேன். ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றால் அது இன்னும் நம்மூர்த் தண்ணீர் ஆகாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். எல்லைக் கல்லைத் தாண்டி, பாலத்தடியில் உட்கார்ந்தோம். வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவள் கையில் புத்தகம் இருந்தது. என் சட்டைப் பையில் சீவிய பென்சில்.

பின்னால் இருமல் சத்தம் கேட்டது. ராஜாத்தி அண்ணி, கையில் காப்பித் தூக்கோடு.

"எனக்குத் தெரியும், நீங்க இங்கதான் வந்து ஒளிஞ்சிருப்பீங்கன்னு. நர்ஸக்கா தம்பிக்கு ஒளியக்கூடத் தெரியல."

"அண்ணி, நாங்க வந்து..."

"நான் ஒண்ணும் பாக்கலப்பா. எனக்குக் கண்ணுதான் சரியாத் தெரியறதில்லையே" என்று சொல்லிக்கொண்டு மலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "குடிடி மொதல்ல."

கொஞ்ச நேரத்தில் கொக்குகள் வந்து இறங்கின. மைனாக்களும் வந்தன. வெறும் தரையில் வரிசையாக, யாரையோ எதிர்கொண்டு அழைக்க வந்தவை போல நின்றன. "பறவைதான் மொதல்ல வருது போலம்மா" என்றேன்.

"மண்வாசன வரலியா ஒங்களுக்கு?" என்றார் அண்ணி. "அதான் மொதல்ல."

தூரத்தில் ஓலையைத் தரையில் இழுத்து வருவது போல ஒரு சத்தம் கேட்டது. வளைவில் தண்ணீர் தெரிந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. சருகும் நுரையும் பிளாஸ்டிக் டம்ளருமாக ஒரு பழுப்பு விளிம்பு, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. ஒவ்வொரு வெடிப்பாக நின்று, உள்ளே இறங்கி, குமிழி விட்டு, நிரம்பிய பிறகு நகர்ந்தது. அதற்கு முன்னால் தரையே ஓடியது. சிலந்தி, பாச்சை, பெயர் தெரியாத என்னென்னவோ. இவ்வளவு உயிர் அந்தக் காய்ந்த மண்ணுக்குள் இருந்ததா?

"எறும்புப்பா" என்றாள் மலர். "முட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுது பாருங்க."

ஆமாம், அக்கா. ஒவ்வொரு எறும்பும் வாயில் வெள்ளையாக ஒன்றைக் கவ்விக்கொண்டு கரையேறிக்கொண்டிருந்தது.

மலர் குனிந்து அதையே பார்த்தாள். பிறகு, "நானுந்தானப்பா தூக்கிக்கிட்டு ஓடுனேன்" என்றாள். "தஞ்சாவூர் வரைக்கும் தூக்கிக்கிட்டுத்தான ஓடுனேன். எறக்கவே இல்லியே. நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. நீ எறக்கவே இல்ல."

அப்போது அவள் அழுத அழுகை இதுவரை நான் கேட்காதது. அண்ணி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஓடுனடி, என் தங்கமே, நீ ஓடத்தான் செஞ்ச" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் எங்கள் காலை நனைத்துவிட்டு ஊரைப் பார்த்துப் போனது.

அன்று தயிர்சாதம் கேட்டுச் சாப்பிட்டாள். மாப்பிள்ளையிடம் பொய் சொல்லாமல் "சாப்பிட்டா" என்றேன். பென்சிலை நீட்டினேன், வாங்கவில்லை. "நான் எழுதட்டுமாம்மா?" என்றேன். "வேணாம்ப்பா. அவன் கோடு அது" என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் மறுபடி சுவர். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. காலையில் இரண்டு வாய்கூட இறங்கவில்லை. நான் செய்தது வைத்தியமா, ஆறிக்கொண்டிருந்ததைக் கிளறிவிட்ட குற்றமா? நீ நர்ஸ். புண்ணைத் திறந்துவிட்டால் சில சமயம் ஆறும், சில சமயம் சீழ் வைக்கும் என்று நீதான் சொல்வாய். இது எது? நான் யாரைக் கேட்பேன்? எனக்கென்று நீ எழுதாமல் விட்ட புத்தகத்தில் இது இருந்திருக்குமா, அல்லது நிஜமாகவே வெறுந்தாள்தானா?

நேற்று நாலு புத்தகங்களின் அட்டைகளையும் கழற்றிவிட்டேன். சிவப்பு மையில் வயது எழுதிய தாள்கள் அடுப்புக்குப் போயின. இன்று காலை மாத்திரையோடு போய் நின்றபோது, விட்டத்துப் பல்லியைப் பார்த்து, எனக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்டேன். "ஏம்மா, பல்லி மேலேருந்து விழுந்தா அதுக்கு வலிக்குமா?"

அவள் மாத்திரையை விழுங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

"அவன்கிட்டதான் கேக்கணும்" என்றாள். சுவரைப் பார்த்தபடிதான் சொன்னாள். ஆனால் சொன்னாள், அக்கா.

நாளைக்கும் ஒன்று கேட்பேன். எனக்குத் தெரியாதவை ஏராளமாக இருக்கின்றன, அந்த வகையில் எனக்குக் குறைவில்லை. அவள் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், என் உயிர் இருக்கும்வரை ஒரு காலையிலும் அவளைச் சுவரோடு தனியாக விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அங்கே அவன் செருப்பை நீ பார்த்துக்கொள். இங்கே இவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒளியக்கூடத் தெரியாத,
உன் தம்பி