சிவப்புக் கோடு போட்ட தகரம்

ரங்கூன், எண்ணெய்க் கிடங்கு.

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஒங்க மூட்டுவலி, அம்மா இருமல் இப்பம் எப்படி இருக்கு? எம் மக நூர்பானு சாப்புடுதாளா? நான் நல்லாருக்கேன். எண்ணெய் சோதிக்கையில மீசையில பாதி பொசுங்கிப் போச்சு. மீதியையும் சிரைக்கச் சொல்லிக் கூட இருக்கவங்க சிரிச்சாங்க. வேற ஒண்ணுமில்ல.

நம்ம தெரு பீர் மைதீன் இங்க வந்தான். பேச்சுவாக்குல, "ஏலே, ஒம் பொஞ்சாதி நூர்னிசா விளக்கு வெடிச்சுல்லா மௌத்தானா, தெரியாதா?"ன்னு கேட்டான். காய்ச்சல்ல செத்தாள்னுல்ல அத்தா ஒங்க கையால எழுதுனீக.

நம்ம கடைக்கு வந்த சிவப்புக் கோடு போட்ட தகரத்துல இருக்கது லேசு எண்ணெய். தண்ணியாத் தெளிஞ்சிருந்தாலும் விளக்குக்கு ஆகாது, கைச்சூட்டுக்கே ஆவி கிளம்பும், நெருப்பக் கண்டா குப்புனு பிடிக்கும்னு ஊர்லேருந்து புறப்படும்போதே சொன்னேன். கோட்டைச் சாம்பல் வச்சுத் தேச்சுட்டு, "சுத்தமான மண்ணெண்ணெய்"னு கடையில வித்தீகளாம். வீட்டு விளக்குக்கும் அதையே ஊத்துனீகளாம். எனக்கு அழுகைகூட வரல அத்தா.

மிச்சத் தகரத்த விக்காதீக. மூடிய இறுக்கி, வீட்ட விட்டுத் தள்ளி, வெயில் படாம காத்தாட வைங்க. பக்கத்துல விளக்கு, சுருட்டு ஆகாது. தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீக, மணலப் போடுங்க.

நூர்பானு அந்தத் தகரங்களுக்குப் பக்கத்துலதான் இன்னும் படுக்காளாம். இந்தக் கடுதாசி கொண்டார பீர் மைதீன்கூட அவள அனுப்புங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவ மாமா அய்யூப் வீட்டுல விட்டுருவான். மறிக்காதீக.

கப்பலுக்கு பீர் மைதீனக் கூப்பிடுதாக. நூர்னிசா சேலை கருகாம ஒண்ணு இருந்தா, அவன் இங்க திரும்பும்போது குடுத்து விடுங்க. துவைக்க வேண்டாம்.

மகன்
மதார் சாகிப்